உப்பில்லாத பூசணி

தடைக்காலம், பன்னிரண்டாம் நாள்.
விசைப்படகெல்லாம் தோணித்துறையில்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
நம்பீஸ்வரி நண்டுக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள்.
வீட்டில் நானும் தர்னிகாவும்.
அவளுக்கு எட்டு மாதம்.
எனக்கு இந்த வேலையில் பன்னிரண்டு நாள்.

"கரண்டி வேண்டாம், ஊட்டவும் வேண்டாம்.
விரல் நீளத்துக்கு வெட்டி, நசுங்குற மாதிரி அவிச்சு
முன்னால வைங்க. அவளே எடுத்துத் தின்னட்டும்.
ஒரு வயசு வரைக்கும் உப்பு ஆகாது"
என்று சொல்லிவிட்டுப் போனார் நர்சம்மா.
உப்பில்லாமலா?
இந்த ஊரில்
கொடியில் காயும் சட்டையை நக்கினாலும் கரிக்கும்.

உட்கார வைக்க நாற்காலி கிடையாது.
மீன் அடுக்கும் நீலப் பெட்டியை
மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
முதுகுக்குத் தலையணை, இடுப்பைச் சுற்றி என் கைலி.
வாடை போகவில்லை.
அப்பன் வாசம் என்று நினைத்திருப்பாள்,
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

தோலோடு அவித்த பூசணிக் கீற்று.
முதலாவது மூக்குக்குப் போனது.
இரண்டாவது காதுக்கு.
மூன்றாவதை இறுக்கிப் பிடித்தாள்.
விரலிடுக்கில் பிதுங்கி ஓடிவிட்டது.
கையை விரித்தால் ஒன்றுமில்லை.
எங்கே போச்சு என்று என்னைப் பார்த்தாள்,
வெறும் மடி ஏறி வரும்போது
நான் சமுத்திரத்தைப் பார்ப்பதுபோல.

ஒருநாள் ஒரு துண்டு உள்ளே போய் மறித்தது.
முகம் சிவந்து, கண் நிறைந்து,
நாக்கைத் தள்ளிக்கொண்டு உமட்டினாள்.
என் விரல் அவள் வாய்க்குப் பாய்ந்தது.
பாதியில் நிறுத்தினேன்.
"இருமினா விடுங்க. சத்தமே வராம நின்னாத்தான் பயம்."
சத்தம் வந்துகொண்டிருந்தது.
காற்றடித்த ராத்திரி நடுக்கடலில் எஞ்சின் நின்றபோது
டிரைவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதைவிட நீளம் அந்தப் பத்து நொடி.
எக்கித் துப்பினாள்.
துப்பியதையே எடுத்து மறுபடி வாயில் வைத்தாள்.
நான்தான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

விளைமீன் அவித்த அன்று முள் பார்த்தேன்.
கயிறு இழுத்துக் காய்த்த விரலுக்கு
மெல்லிய முள் தட்டுப்படாது.
ஒவ்வொரு துணுக்கையும்
என் உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
ஒன்று குத்தியது.
அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இன்னொரு தரம்.

பொழுது சாய நம்பீஸ்வரி வந்தாள்.
"எவ்வளவு தின்னா?"
தரையில் பாதி, காக்கைக்குக் கால், மிச்சம் என் சட்டையில்.
"அவ வயித்துக்கு?"
"காலையில பார்த்துச் சொல்றேன்."
அவள் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.
நாள் முழுக்க ஓடு உடைத்துச் சதை உருவிய விரல்,
நுனியெல்லாம் கீறல்.
அங்கே ஒரு துணுக்கையும் வாயில் போடக் கூடாது,
மேலே கேமரா இருக்கிறது.
பிள்ளை பாலைக் குடித்தபடியே
கையிலிருந்த சீனிக்கிழங்கை விடவில்லை.

ஐம்பது நாள் கடந்த ஒரு காலையில்
தர்னிகாவின் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
முதன்முதலாய்ச் சந்தித்தன.
நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை.
தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். தின்றாள்.
வேனுக்கு நின்ற நம்பீஸ்வரி திரும்பி வந்து பார்த்தாள்.
"அப்படியே கம்பெனியில சேர்த்துரலாம்" என்றாள்,
சிரிக்காமல்.
வேன் இரண்டு தரம் ஆரன் அடித்தது.

அறுபத்தொரு நாளும் முடிந்தது.
ஐஸ் ஏற்றினோம், டீசல் ஏற்றினோம்.
நீலப் பெட்டியைக் கேட்டார்கள்,
உடைந்துவிட்டது என்றேன்.

ராத்திரி இரண்டு மணி. மடி இழுக்கிற நேரம்.
காலரில் ஏதோ காய்ந்து கழுத்தை உரசியது.
நகத்தால் பெயர்த்து விளக்கடியில் பார்த்தேன்.
மஞ்சள்.
வாயில் போட்டேன்.
ஓரம் கரித்தது.
மெல்ல மெல்ல, உள்ளே
உப்பே இல்லை.

"என்னடா மெல்லுற?" என்றான் ஜெபஸ்டின்.

ஒன்றுமில்லை என்றேன், வாயைத் திறக்காமல்.